நிலக்கடலையில் புரோடீனியா (இலை தின்னும் புழு): பெரிய புழுவுக்கு என்ன வைக்கிறீர்கள்?
வணக்கம். 40 நாள் கடலைச் செடி. வரப்பு ஆமணக்கில் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியல்களை இலையோடு கிள்ளி அழிக்கிறோம். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறியும் உண்டு (ஆண் அந்துப்பூச்சிதான் விழும், அது எச்சரிக்கைக்கு, ஒழிப்புக்கு அல்ல). என்.பி.வி. (புழுவுக்கு நோய் தரும் வைரஸ் மருந்து) ஏக்கருக்கு 100 எல்.இ. (அந்த மருந்தின் அளவுக் கணக்கு), வெயில் பட்டால் வீரியம் போய்விடுமே என்று மாலையில் வெல்லம் கலந்து அடித்தாயிற்று. குட்டிப் புழு அடங்கியது. விரல் நீளப் புழு அதற்கெல்லாம் அசைவதில்லை. பகலில் மண்வெடிப்பில் பதுங்கி, இரவில் இலையைத் தின்று நரம்பை மட்டும் விடுகிறது.

விஷ உருண்டை வைக்க நினைக்கிறோம்: 5 கிலோ அரிசித் தவிடு, அரைக் கிலோ வெல்லம். முன்பு சேர்த்த கார்பரில் பூச்சிமருந்து 2018-லேயே தடையாகிவிட்டது. பதிலுக்கு எந்த மருந்து, எந்த அளவு? கோழி மேயும் காடு. விடிந்ததும் மிச்ச உருண்டையைப் பொறுக்கினால் போதுமா?