அரை மணி நேர ஜூனியர் ரெசிட்டல்: தெனீசொவ், கிரெஸ்டன், இபேர் மூன்றும் அடங்குமா?

மிட்வெஸ்ட்_ஆல்ட்டோ:
அமெரிக்கப் பல்கலையில் மூன்றாம் ஆண்டு, கிளாசிக்கல் ஆல்ட்டோ சாக்ஸபோன். ஏப்ரலில் ஜூனியர் ரெசிட்டல் (மூன்றாம் ஆண்டு மாணவர் தரும் கச்சேரி), 30 நிமிடம். இப்போதைய வரிசை, மூன்று இசையமைப்பாளர்களின் உருப்படிகள்: தெனீசொவ் சொனாட்டா, கிரெஸ்டன் சொனாட்டா, கடைசியில் இபேரின் கொன்செர்ட்டீனோ. ரீட் (ஊதும்போது அதிரும் நாணல் தகடு) 3, மவுத்பீஸ் செல்மர் கம்பெனியின் சி ஸ்டார். இது நேரத்துக்குள் முடியுமா? இன்னொன்று, பயிற்சி அறையில் சரியாக நிற்கிற சுருதி மேடையில் பியானோவோடு சேராமல் போவது ஏன்?

ஓபஸ்109:
முடியாது. தெனீசொவ் சுமார் 12, கிரெஸ்டன் 13, இபேர் 12. அதுவே 37 ஆகிவிடும். மேடைக்கு வருவது, சுருதி பார்ப்பது, கைதட்டல், மூவ்மென்டுகளுக்கு நடுவில் தண்ணீர் துடைப்பது எல்லாம் இதற்கு மேல்.

இபேர் 1935, கிரெஸ்டன் 1939, இரண்டும் ஒரே காலத்தவை. இரண்டில் ஒன்று போதும். தெனீசொவ் (1970) தங்குமா என்பதை அதன் இரண்டாம் மூவ்மென்டை வைத்து முடிவு செய்யுங்கள். மல்டிஃபோனிக் (ஒரே ஊதலில் பல சுரங்கள்) எல்லாம் அங்கேதான், பெரும்பாலும் பியானோ துணையும் கிடையாது. அது சாக்ஸபோன் கலைஞர் லோண்டெக்ஸுக்காக எழுதப்பட்டது, அவர் செல்மர் வாசித்தவர். வேறு கம்பெனி கருவியில் சில ஃபிங்கரிங் (விரல் வைப்பு) அதே சுரக்கூட்டைத் தராது. ஒவ்வொன்றாகச் சோதித்து, பேசாதவற்றுக்கு, அதாவது சரியாக ஒலிக்காதவற்றுக்கு, மாற்று ஃபிங்கரிங் தேட வேண்டும். பத்தில் ஏழு தடவைதான் பேசுகிறது என்றால் தெனீசொவைக் கடைசி ஆண்டின் சீனியர் ரெசிட்டலுக்குத் தள்ளிவிட்டு, இசையமைப்பாளர் நோடாவின் இம்ப்ரொவைசேஷன் 1 எடுக்கலாம். தனி வாசிப்பு, பியானோ ஒத்திகை நேரமும் மிச்சமாகும்.

இபேரை முடிவில் வைத்தால் கைதட்டல் நிச்சயம், ஆனால் களைத்த உதட்டோடு ஆல்ட்டிசிமோவுக்கு (வழக்கமான எல்லைக்கு மேலுள்ள உச்ச சுரங்களுக்கு) ஏற வேண்டும். ஏறுகிற இடங்களுக்குக் கீழ் ஸ்தாயி மாற்று அச்சுப் பிரதியிலேயே உண்டு. ஹியரிங் (கச்சேரிக்கு முன் ஆசிரியர்கள் கேட்டுப் பார்ப்பது) அன்றைக்கே எது என்று தீர்மானித்துவிடுங்கள், மேடையில் யோசிக்கக் கூடாது.

பக்கவாத்தியக்காரி:
பியானோ பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. கிரெஸ்டனில் பியானோ துணை வாத்தியம் இல்லை, சரிபாதிப் பங்காளி. நோட்ஸ் கைக்கு வர இரண்டு மாதமாவது வேண்டும். இரண்டாம் மூவ்மென்ட் 5/4, அதாவது ஐந்து எண்ணிக்கைத் தாளம். எங்கே மூச்சு எடுக்கிறீர்கள் என்று பியானோ பிரதியிலும் பென்சிலால் குறித்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் சேர்ந்து விழாது. இபேர் வேறு கதை. அசல் சாக்ஸபோனும் 11 வாத்தியங்களும், பியானோவில் வருவது அதன் சுருக்கம். எல்லாச் சுரத்தையும் வாசிக்கப் பார்த்தால் தாளம் கனத்துப்போகும். எதை விடுவது என்று முதல் ஒத்திகையிலேயே பேசிக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் கிரெஸ்டன்தான் நிற்க வேண்டும்.

பியானோ மூடியைச் சின்னக் குச்சியில் தாங்கி, கொஞ்சம் மட்டும் திறந்து வையுங்கள். உங்கள் இசைப் பிரதி ஸ்டாண்டைத் தாழ்த்தி ஓரமாக வையுங்கள். சாக்ஸபோன் சத்தம் பெல்லிலிருந்து மட்டும் வருவதில்லை, திறந்த துளைகளிலிருந்தும் வருகிறது. நேர் எதிரே ஸ்டாண்ட் நின்றால் பாதி அதிலேயே மோதிவிடும்.

கார்க்_கோடு:
சுருதிக்கு வருவோம். காற்று சூடானால் சாக்ஸபோன் ஏறும், குளிர்ந்தால் இறங்கும், பியானோ அசையாது. மேடைக்குப் பின்னால் பத்து நிமிடம் கருவியைச் சும்மா வைத்துவிட்டு வந்தால் முதல் பக்கம் முழுக்க இறங்கித்தான் ஒலிக்கும். உள்ளே போகும் வரை சத்தமில்லாமல் வெதுவெதுப்பான காற்றை ஊதிக்கொண்டே இருங்கள். மவுத்பீஸ் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று, அதை மாட்டும் நெக் கார்க்கில் இரண்டு பென்சில் கோடு போடுங்கள்: ஒன்று பயிற்சி அறைக்கு, ஒன்று அந்த ஹாலுக்கு.

ஆல்ட்டோ பிரதி வேறு சுருதியில் எழுதப்படுவதால் பியானோவின் ஏ உங்களுக்கு எஃப் ஷார்ப். அதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நடு டி பெரும்பாலான ஆல்ட்டோவில் ஏறியே இருக்கும், அதையும் பியானோவோடு மெதுவாக ஊதிப் பாருங்கள்.

மிட்வெஸ்ட்_ஆல்ட்டோ:
நன்றி. தெனீசொவை எடுத்துவிடுகிறேன்: கிரெஸ்டன், நோடா, பிறகு இசையமைப்பாளர் போஸாவின் ஆரியா. ஜி ஷார்ப் கீ அடிக்கடி ஒட்டிக்கொள்கிறது, பவுடர் போடலாமா?

கார்க்_கோடு:
வேண்டாம், ஈரத்தோடு சேர்ந்து பசையாகிவிடும். ஜி ஷார்ப் எப்போதும் மூடியே கிடக்கிற பேட் (துளையை அடைக்கும் தோல் மெத்தை), அதனால்தான் ஈரம் தங்குகிறது. லென்ஸ் துடைக்கும் தாளைப் பேடுக்கு அடியில் வைத்து லேசாக அழுத்தி எடுங்கள். அழுத்தியபடி இழுத்தால் தோல் கிழியும். கீழ் சி ஷார்ப், ஈ ஃபிளாட் இரண்டும் இதே ரகம். ஒவ்வொரு உருப்படிக்கு முன்னும் மூன்றையும் விரலால் ஒருமுறை திறந்து பாருங்கள். மேல் ஏ கொப்பளித்தால் நெக்கிலுள்ள ஆக்டேவ் துளையில் தண்ணீர், கழற்றி ஊதினால் போய்விடும்.

ரீட் நான்கையாவது மாற்றி மாற்றிப் பழக்கி வையுங்கள். ஹீட்டர் ஓடுகிற ஹாலில் நுனி சீக்கிரம் உலர்ந்து அலையலையாகும். நோடா தொடங்குமுன் வாயில் வைத்து நனைத்துக்கொள்ள நேரம் விடுங்கள்.