எட்டு ஜிபி கார்டா, பதினாறு ஜிபி கார்டா? பழைய போர்டில் எது ஓடும்?

இரவுப்பறவை:
வணக்கம். என்னிடம் இப்போது இருப்பது ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு. சிபியு ரைசன் 5 3600, மதர்போர்டு பி450, ரேம் 16 ஜிபி டிடிஆர்4, பவர் சப்ளை 550 வாட், மானிட்டர் 1080பி 144 ஹெர்ட்ஸ். பின்னால் 1440பி மானிட்டருக்குப் போகும் எண்ணம் உண்டு, உடனே இல்லை. நான் ஆடுவதில் பாதி ஆன்லைன் ஷூட்டர், மீதி கதையோடு வரும் பெரிய கேம்கள். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம் தி டார்க் ஏஜஸ் இரண்டுக்குமே கார்டில் ரே டிரேசிங் (ஒளி பாய்வதைக் கணக்கிட்டு வரைவது) ஹார்ட்வேர் கட்டாயம், என் கார்டில் அது இல்லை. அதனால் கார்டை மாற்றப் போகிறேன். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 எட்டு ஜிபியா, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபியா? (ஜிபி என்று நான் சொல்வது கார்டுக்குள் இருக்கும் நினைவகம், விரேம்.) இரண்டாவதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அந்தக் கூடுதலுக்குப் பலன் இருக்கிறதா?

பிக்சல்பித்தன்:
5060 வாங்குங்கள், யோசிக்க வேண்டாம். 1080பி-யில் ஆடுகிறவருக்கு 16 ஜிபி எதற்கு? 2025 ஜனவரியில் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4 (சிறிதாக வரைந்த படத்தை ஏஐ வைத்துப் பெரிதாக்கும் நுட்பம்) வந்த பிறகு படத்தின் தரம் எங்கேயோ போய்விட்டது. குவாலிட்டி மோடில் உள்ளே 720பி-யில்தான் வரைகிறது, ஆனால் மரக்கிளை, கம்பி வேலி, தூரத்து எழுத்து எல்லாம் முன்பு போலக் கலங்குவதில்லை. ஏஎம்டி பக்கம் அதே வேலையைச் செய்யும் எஃப்எஸ்ஆர் 4 நன்றாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் டிஎல்எஸ்எஸ் இருக்கும் கேம்களின் எண்ணிக்கை மிக அதிகம். தவிர 5060 கார்டு 145 வாட்தான், உங்கள் பவர் சப்ளையைத் தொடவே வேண்டாம்.

கடைசிசுற்று:
இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து, முதலில் சிபியுவை மாற்றுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துக்கொண்டு 3600-இல் ஷூட்டர் ஆடினால் கார்டு எது என்பதே பெரிய விஷயம் இல்லை. 3600-இல் எல்3 கேஷ் (சிபியுவுக்குள் இருக்கும் வேக நினைவகம்) 32 எம்பி, அதுவும் 16, 16 என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அதே பி450 போர்டில் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு 5700எக்ஸ்3டி சிபியு போட்டால் 96 எம்பி ஒரே இடத்தில் கிடைக்கும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) ஏறுவதை விடுங்கள், சண்டை நெருக்கமாக இருக்கும்போது விழுகிற அந்தத் திடீர் பள்ளம் இருக்கிறதே, அது சிபியுவால்தான் சரியாகும்.

பிக்சல்பித்தன்:
@கடைசிசுற்று அவர் கேட்டது கார்டைப் பற்றி. ரே டிரேசிங் இல்லாத கார்டில் கேமே திறக்காது என்கிறார், சிபியுவை மாற்றினால் திறந்துவிடுமா?

கடைசிசுற்று:
திறக்காது, சரி. ஆனால் அவர் நேரத்தில் பாதி ஷூட்டரில் போகிறது என்றும் சொல்லியிருக்கிறார். புதுக் கார்டு போட்ட அன்றைக்கு அந்தப் பாதியில் எந்த மாற்றமும் தெரியாமல் உட்கார்ந்திருப்பார். இதை முன்கூட்டியே சொல்லாமல் கார்டை வாங்கச் சொல்வது நியாயம் இல்லை.

கம்பிவேலை:
இங்கே யாரும் போர்டைப் பற்றிப் பேசவில்லை, முடிவே அதில்தான் இருக்கிறது. பி450 என்றால் கார்டைச் செருகும் இணைப்பு பிசிஐஇ 3.0. ஆர்டிஎக்ஸ் 5060 பிசிஐஇ 5.0 கார்டுதான், ஆனால் அதில் இருப்பது எட்டு லேன் (தரவு ஓடும் தடம்) மட்டும். 3.0 போர்டில் எட்டு லேன் என்றால் கார்டுக்கும் மற்ற கணினிக்கும் நடுவே நொடிக்குச் சுமார் 8 ஜிபிதான் ஓடும். கார்டுக்குள்ளேயே இருக்கும் விரேமின் வேகம் நொடிக்கு 448 ஜிபி. இப்போது ஒரு கேம் எட்டு ஜிபியைத் தாண்டிக் கேட்கிறது என்று வையுங்கள். மிச்சம் எங்கே போகும்? உங்கள் சாதாரண ரேமுக்குப் போகும், தேவைப்படும் போதெல்லாம் அந்த 8 ஜிபி வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். அதுவும் உங்களிடம் ரேம் மொத்தமே 16 ஜிபி, அதில் விண்டோஸும் கேமும் பிரவுசரும் ஏற்கனவே உட்கார்ந்திருக்கின்றன.

ரிவியூ வீடியோக்களில் இது ஏன் பெரிதாகத் தெரிவதில்லை என்றால், அவர்கள் சோதிப்பது கிடைப்பதிலேயே வேகமான சிபியுவும் புது போர்டும் போட்ட கணினியில். அது சரியான முறைதான், கார்டுகளை ஒப்பிட வேண்டுமானால் மற்ற எதுவும் தடையாக இருக்கக் கூடாது. ஆனால் அந்த எண்ணை அப்படியே பி450-க்கு எடுத்துக்கொண்டு வரக் கூடாது. 9060 எக்ஸ்டி பதினாறு லேன் கார்டு. அதே பழைய போர்டில் அதற்கு நொடிக்குச் சுமார் 16 ஜிபி கிடைக்கும், விரேமும் 16 ஜிபி இருப்பதால் அந்த வழிக்கு அது போக வேண்டிய தேவையே குறைவு. எட்டு ஜிபி, எட்டு லேன், 3.0 போர்டு, இந்த மூன்றும் சேர்வதுதான் இருப்பதிலேயே மோசமான கூட்டணி, இவர் நேராக அதில்தான் போய் நிற்கப் போகிறார்.

பிக்சல்பித்தன்:
எட்டு ஜிபியைத் தாண்டினால்தானே இந்தக் கதை எல்லாம்? டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படம்) அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கினால் தாண்டாது. 1080பி திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் காட்டச் சொன்னால் நிறையப் பேரால் காட்ட முடியாது. தவிர 5060-இல் இருப்பது ஜிடிடிஆர்7 வகை விரேம், 9060 எக்ஸ்டி இன்னும் ஜிடிடிஆர்6-இல் நொடிக்கு 320 ஜிபி அளவில்தான் நிற்கிறது. வேகம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

கம்பிவேலை:
குழாயை எவ்வளவு வேகமாகத் திறந்தாலும் குடம் பெரிதாகாது நண்பா. ஜிடிடிஆர்7 நல்லதுதான், ஆனால் கொள்ளும் இடம் அதே எட்டுதான்.

டெக்ஸ்சரை இறக்கலாம் என்பது இன்றைக்கு உண்மை. ஆனால் எல்லா செட்டிங்கிலும் டெக்ஸ்சர் ஒன்றுதான், விரேம் இருந்தால் எஃப்பிஎஸ்ஸில் அநேகமாக எதுவும் கேட்காமல் படத்தை நன்றாக்கும். நிழலை ஏற்றினால் எஃப்பிஎஸ் விழும், பிரதிபலிப்பை ஏற்றினால் விழும், டெக்ஸ்சரை ஏற்றினால் விழாது. இருப்பதிலேயே மலிவான அழகை முதலில் விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்கள். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் 2020-லிருந்தே 16 ஜிபி பொது நினைவகம் இருக்கிறது, பெரிய கேம்களை முதலில் அந்த அளவை வைத்துத்தான் திட்டமிடுகிறார்கள்.

இன்னொன்று, விரேம் பற்றாமல் போவது எப்போதும் எஃப்பிஎஸ் எண்ணில் தெரியாது. சில கேம்கள் திக்கித் திக்கி ஓடும், அது கண்ணில் படும். சில கேம்கள் சத்தமில்லாமல் டெக்ஸ்சரைத் தூக்கிவிட்டு மட்டமானதைப் போட்டுவிடும். மூலையில் எண் 90 என்று காட்டிக்கொண்டே இருக்கும், எதிரே இருக்கும் செங்கல் சுவர் களிமண் பூசியது போல வழவழவென்று நிற்கும், அருகில் போய் இரண்டு மூன்று விநாடி நின்றால்தான் செங்கல்லின் கோடு ஒவ்வொன்றாக வரும். கிராஃபை மட்டும் பார்த்தால் இது தெரியாது, ஆடினால்தான் தெரியும்.

பழையஇரும்பு:
பழைய கார்டையும் ஒரு முறை பாருங்கள். ஆர்எக்ஸ் 6800 கார்டில் 16 ஜிபி, 256 பிட் பஸ், பதினாறு லேன், எல்லாமே இருக்கிறது. கையிலிருக்கும் காசுக்கு வேகம் என்று பார்த்தால் செகண்ட் ஹேண்டை எதுவும் நெருங்காது.

கம்பிவேலை:
@பழையஇரும்பு கார்டு நல்லது, அவருடைய பவர் சப்ளைக்கு ஏற்றது இல்லை. 6800-இன் அளவு 250 வாட், அதுவும் நொடிக்குள் வந்து போகும் உச்சங்கள் அதற்கு மேலே போகும். 550 வாட்டில் ஓடலாம், ஓடாமலும் போகலாம், அது எவ்வளவு தரமான பவர் சப்ளை என்பதைப் பொறுத்தது. பிறகு பவர் சப்ளையும் வாங்க வேண்டி வந்தால் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும். 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு 160 வாட்தான்.

பழையஇரும்பு:
சரி, அது நியாயம். ஆனால் செகண்ட் ஹேண்ட் என்றாலே கிரிப்டோ மைனிங்குக்கு ஓடிய கார்டு, தொடாதே என்று பயமுறுத்துகிறார்கள், அதை நான் ஏற்கவில்லை. எத்தீரியம் நாணயம் 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங்கை விட்டது, அதற்குப் பிறகு அந்தக் கார்டுகள் எல்லாம் சந்தைக்கு வந்து கைமாறிவிட்டன. பார்க்க வேண்டியதைப் பார்த்து வாங்கினால் பயமில்லை. ஃபேன் ஆடாமல் சுற்றுகிறதா, சத்தம் வருகிறதா, தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்து போர்டின் ஓரத்தில் பிசுக்குத் தெரிகிறதா, திருகின் மேல் ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா. முக்கியமாக, விற்பவரின் கண்முன்னே அரை மணி நேரமாவது கனமான கேம் ஒன்றை ஓட விட்டு மெமரியின் சூட்டைப் பாருங்கள். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். எனக்கு ஒருவர் விற்ற கார்டு டெஸ்க்டாப்பில் சாதுவாக இருந்தது, கேம் திறந்ததும் திரை முழுக்கப் பச்சைச் சதுரம். அவர் அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை.

கடைசிசுற்று:
@இரவுப்பறவை நாங்கள் எல்லோரும் ஊகத்தில் அடித்துக்கொள்கிறோம், உங்களால் வீட்டிலேயே சோதித்துவிட முடியும். நீங்கள் வழக்கமாக ஆடும் கேமில் ஒரே இடத்தில் நின்று எஃப்பிஎஸ்ஸைப் பாருங்கள். அப்புறம் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கி அதே இடத்தில் பாருங்கள். நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. ஏறவே இல்லையென்றால் தடை சிபியு. கூடவே ஜிபியு (கார்டின் சிப்) உபயோகம் எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள், 97, 98-இல் நின்றால் கார்டு முழுதாக உழைக்கிறது என்று அர்த்தம். ரேம் இரண்டு குச்சியாக இருக்கிறதா, பயாஸில் எக்ஸ்எம்பி போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், 3200 ரேம் 2133-இல் ஓடிக்கொண்டிருந்தால் சிபியு மீது பழி போட முடியாது.

இரவுப்பறவை:
பார்த்துவிட்டேன். ரேம் இரண்டு குச்சி, 3200-இல்தான் ஓடுகிறது. ஷூட்டரில் 720பி-க்கு இறக்கியும் எஃப்பிஎஸ் துளிகூட நகரவில்லை, ஜிபியு உபயோகம் மட்டும் அறுபதுக்கு இறங்கிவிட்டது. கதை கேமில் நேர்மாறு. 1080பி-யில் உபயோகம் 99-இலேயே நிற்கிறது, 720பி-க்கு இறக்கியதும் எஃப்பிஎஸ் ஒரே தாவு.

கடைசிசுற்று:
நான் சொன்னதுதான். ஷூட்டரில் நீங்கள் எந்தக் கார்டைப் போட்டாலும் அதே எண்தான்.

பிக்சல்பித்தன்:
அதே சோதனை கதை கேமில் கார்டுதான் தடை என்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? போர்டு லேன் விஷயத்தில் கம்பிவேலை சொன்னதை ஏற்கிறேன், 3.0 போர்டில் எட்டு ஜிபி கார்டை நானும் இனி வலியுறுத்தவில்லை. ஆனால் டிஎல்எஸ்எஸ்ஸை விட்டுவிட எனக்கு மனமில்லை. 5060 டிஐ 16 ஜிபியை எடுங்கள். எட்டு லேன்தான், ஆனால் விரேம் நிறைய இருப்பதால் அந்த வழிக்குப் போகும் வேலை அதிகம் வராது.

கம்பிவேலை:
நல்ல கார்டு, மறுக்கவில்லை. ஆனால் 9060 எக்ஸ்டியை விட அதற்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், இவர் சிபியு தடையை இப்போதுதான் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்த வித்தியாசத்தை எடுத்து வைத்து சிபியுவில் போட்டால் இவருக்குப் பலன் அதிகம். இவர் முழுக்கக் கதை கேம் மட்டுமே ஆடுகிறவராக இருந்தால், அதிலும் ரே டிரேசிங்கை முழுதாகப் போட்டு ஆட ஆசைப்படுகிறவராக இருந்தால், நானே 5060 டிஐ பக்கம் சாய்ந்திருப்பேன்.

ஒரு எச்சரிக்கை. 9060 எக்ஸ்டி, 5060 டிஐ இரண்டுமே எட்டு ஜிபியிலும் வருகின்றன, பதினாறிலும் வருகின்றன, பெயர் ஒன்றேதான். இது வாங்குகிறவருக்குச் செய்கிற அநியாயம் என்றே சொல்வேன். விலை திடீரென்று குறைவாகத் தெரிந்தால் பெட்டியில் எத்தனை ஜிபி என்று ஒருமுறைக்கு இரண்டு முறை படியுங்கள்.

பிக்சல்பித்தன்:
ஃபிரேம் ஜெனரேஷனை (நடுவில் வரும் ஃபிரேம்களைக் கார்டே உருவாக்கிச் சேர்ப்பது) கணக்கில் எடுக்கவே இல்லையே? 5060 டிஐ-யில் டிஎல்எஸ்எஸ் 4 மூலம் ஒரு ஃபிரேமுக்கு மூன்று ஃபிரேம் வரை கூடுதலாகக் கிடைக்கும். சிபியு தடையாக இருக்கும் இடத்திலும் அது வேலை செய்யும்.

கடைசிசுற்று:
ஷூட்டருக்கு அது வேண்டவே வேண்டாம். திரையில் ஓட்டம் வழுவழுப்பாகத் தெரியும், ஆனால் மவுஸை அசைத்தால் கை உணர்வது பழைய எஃப்பிஎஸ்ஸைத்தான், சில சமயம் அதைவிடக் கொஞ்சம் தாமதமாகவே. கதை கேமில் ஏற்கனவே 60-க்கு மேல் ஓடினால் போட்டுக்கொள்ளலாம்.

கம்பிவேலை:
அதுவும் விரேமிலிருந்துதான் இடம் எடுத்துக்கொள்ளும். எட்டு ஜிபி கார்டில் அதை ஓட்டும்போது இருக்கிற நெருக்கடி இன்னும் கூடும்.

இரவுப்பறவை:
முடிவு செய்துவிட்டேன். 9060 எக்ஸ்டி 16 ஜிபி இப்போது, சிபியு அடுத்து. ஷூட்டர் இப்போதைக்கு அப்படியே இருக்கும் என்பது தெரிந்துதான் வாங்குகிறேன், அது ஆடும்படியாகத்தான் இருக்கிறது. திறக்கவே திறக்காத கேம்கள்தான் என்னை உறுத்துகின்றன. பயாஸில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

கடைசிசுற்று:
நானாக இருந்தால் வரிசையை மாற்றியிருப்பேன். ஆனால் தெரிந்தே எடுத்த முடிவு, நடத்துங்கள்.

கம்பிவேலை:
கேபினெட்டில் முன்பக்க ஃபேன் வரை எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள், 1660 சூப்பரில் பல மாடல்கள் குட்டையானவை, புதுசு மூன்று ஃபேன் மாடலாக இருந்தால் ஹார்ட் டிஸ்க் கூண்டில் இடிக்கும். பழைய டிரைவரை டிடியு (டிரைவரை நீக்கும் மென்பொருள்) வைத்து சேஃப் மோடில் சுத்தமாக எடுத்துவிட்டு கார்டை மாற்றுங்கள். பயாஸில் அபவ் 4ஜி டீகோடிங், ரீசைசபிள் பார் (விரேம் முழுவதையும் சிபியு அணுக விடும் செட்டிங்குகள்) இரண்டையும் போட வேண்டும், அதற்கு சிஎஸ்எம்மை (பழைய முறையில் பூட் செய்யும் வசதி) அணைக்க வேண்டியிருக்கும். அணைப்பதற்கு முன் விண்டோஸ் இருக்கும் டிரைவ் ஜிபிடி வகையா (டிரைவைப் பிரிக்கும் புது முறை) என்று பாருங்கள், பழைய எம்பிஆர் முறை என்றால் கணினி பூட் ஆகாமல் நின்றுவிடும், உடனே புதுக் கார்டுதான் பழுது என்று தோன்றும்.

கடைசிசுற்று:
பயாஸ் அப்டேட் செய்வதென்றால் எக்ஸ்3டி சிபியுக்களை ஏற்கும் பதிப்பாகப் பார்த்துப் போடுங்கள். ஒரே வேலையாக முடிந்துவிடும், நாளைக்கு சிபியு வாங்கி வந்ததும் கழற்றி மாட்ட வேண்டியதுதான்.