அதே சீருடை, அதே துப்பாக்கி: லிட்டில் ராக் பாடம் நடத்தியவர்கள் சொல்லுங்கள்

கரும்பலகை

லிட்டில் ராக்கையோ அதுபோல வேறு அமெரிக்க அதிபர் ஆணையையோ பாடமாக நடத்தியவர்கள் உங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்லுங்கள். லிட்டில் ராக் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும்: ஆர்கன்சா மாநிலத்தில், வெள்ளையர் மட்டும் படித்த பள்ளியில் நீதிமன்ற ஆணைப்படி சேர வந்த ஒன்பது கறுப்பின மாணவர்களை மாநில ஆளுநர் படையை வைத்துத் தடுத்தார். நேராக வகுப்புக்கு வருகிறேன். பதினோராம் வகுப்பு, மூன்றாவது பீரியட். 1957 செப்டம்பர் 4 அன்று அந்த ஒன்பது பேரில் ஒருவரான எலிசபெத் எக்ஃபோர்டைச் சிப்பாய்கள் வழிமறித்த படத்தைத் திரையில் போட்டிருந்தேன். வீட்டில் டெலிபோன் இல்லாததால், ஒன்பது பேரும் சேர்ந்தே போகலாம் என்ற சேதி அவருக்கு எட்டவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வழக்கமாகப் பிள்ளைகள் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அன்று கடைசி வரிசைப் பையன் ஒருவன் (கழிப்பறைக்குப் போகலாமா என்பதைத் தவிர அந்த ஆண்டில் அவன் வேறெதுவும் கேட்டதில்லை) "இவர்கள் யாருடைய ஆட்கள்?" என்றான்.

ஆளுநர் ஃபாபஸ் நிறுத்திய ஆர்கன்சா தேசியக் காவல் படை என்றேன். அடுத்த படம் செப்டம்பர் 24: அதிபர் ஐசன்ஹோவர் 10730ஆம் எண் நிர்வாக ஆணையில் கையெழுத்திடுகிறார், அந்தப் படை மொத்தமும் அதிபரின் கைக்கு மாறுகிறது, ராணுவத்தின் 101ஆவது வான்குடைப் பிரிவும் வந்து இறங்குகிறது. நவம்பர் இறுதிக்குள் அவர்கள் கிளம்பிவிட, காவல் மறுபடி உள்ளூர்ப் படையிடம்.

"அப்படியானால் உள்ளே விடாதே என்று நின்ற அதே ஆள்தான் பிறகு அவளுக்குக் காவலா? அவனிடம் யாராவது கேட்டார்களா?"

சட்டப்படி கேட்க வேண்டியதில்லை என்றேன். சொன்னது சரிதான். ஆனால் அவன் கேட்டது அதை அல்ல என்பது மணி அடித்து எல்லோரும் போன பிறகுதான் உறைத்தது.

பழைய சாக்பீஸ்

கரும்பலகை எழுதியதைப் படித்தால் ஏதோ ஒரு கையெழுத்தில் எல்லாம் நடந்துவிட்டது போல இருக்கிறது. அந்த ஜூலையில்தான், துருப்புகளை அனுப்பும் சூழ்நிலையைத் தன்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை என்று ஐசன்ஹோவர் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். செப்டம்பர் 14இல் ஃபாபஸை நேரில் அழைத்தும் பேசிப் பார்த்தார். நீதிமன்ற ஆணை காற்றில் பறந்த பிறகு, நகர மேயரே தந்தி அடித்த பிறகுதான் கையெழுத்து. இதையெல்லாம் விட்டுவிட்டு நடத்தினால் பிள்ளைகள் அவரை வீரராக நினைத்துக்கொண்டு போவார்கள்.

என் கதை சின்னது. ராணுவத்தில் சேரக் காத்திருந்த கறுப்பின மாணவி ஒருத்தி கேட்டாள்: "1948இலேயே அதிபர் ட்ரூமன் 9981ஆம் ஆணை போட்டு ராணுவத்தில் பாகுபாட்டை ஒழித்தார் என்று போன வாரம் சொன்னீர்களே, 101இல் இருந்த கறுப்பினச் சிப்பாய்களை ஏன் பள்ளிப் பக்கம் விடவில்லை?" பதற்றம் கூடிவிடும் என்று பயந்தார்கள் என்றேன். "யாருக்குப் பதற்றம்?" என்றாள். ஆறு வருடமாகிறது.

இரவுக் காப்பி

நான் அதிபர் ரூஸ்வெல்ட்டை வைத்துத்தான் தொடங்குவேன். 1941 ஜூன் 25, ஆணை 8802: பாதுகாப்புத் தொழிற்சாலை வேலைகளில் இனப் பாகுபாடு கூடாது. வாஷிங்டனுக்குப் பேரணி வருவேன் என்று கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப் மிரட்டியதால் வந்தது. எட்டே மாதத்தில், 1942 பிப்ரவரி 19, ஆணை 9066.

தலைப்பையும் தேதியையும் மறைத்து 9066ஐ மட்டும் கொடுத்தேன். அதில் ஜப்பானியர் என்ற சொல்லே கிடையாது. ராணுவத் தளபதிகள் சில பகுதிகளைக் குறித்து, அங்கிருந்து யாரையும் விலக்கலாம், அவ்வளவுதான். போர்க்காலத்தில் நியாயம்தானே என்று பெரும்பாலோர் கை தூக்கினார்கள். பிறகு "ஜப்பானிய வம்சாவளியினர் அனைவருக்கும்" என்று தொடங்கும் வெளியேற்றச் சுவரொட்டியைக் காட்டினேன். சுமார் 1,20,000 பேர் முகாம்களுக்குப் போனார்கள் என்றேன். முதலில் கை தூக்கிய பெண் காகிதத்தை மெல்லக் கவிழ்த்து வைத்தாள். பீரியட் முடியும்வரை அதைத் தொடவில்லை. அவளை ஏமாற்றிவிட்டேனோ என்று இன்னும் உறுத்துகிறது.

நூலகத்து மூலை

ஒருமுறை எலிசபெத் பள்ளிக்கு நடந்து போனதை மாணவர்களை வைத்து நடித்துக் காட்டினேன். எலிசபெத்தாக நடந்த பெண் பாதியில் நின்றுவிட்டாள். மறுநாள் அவள் அம்மா போனில் பேசியதை இங்கே எழுத முடியாது. என் கதை இவ்வளவுதான்.

இரவுக் காப்பிக்கு ஒரு யோசனை. 9066ஐத் தனி மனிதரின் தவறாக விட்டுவிடாதீர்கள். அந்த மார்ச்சிலேயே, ஆணையை மீறுவது குற்றம் என்று காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டமே இயற்றியது. 1944இல், வெளியேற மறுத்த கோரமட்சு என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் 6-3 என்று அந்த வெளியேற்றத்தை அனுமதித்தது. இதை 1952 எஃகு ஆலை வழக்கோடு சேர்த்து நடத்துங்கள். ஆலைகளைக் கைப்பற்றிய ட்ரூமனை நீதிமன்றம் தடுத்தது; அதில் நீதிபதி ஜாக்சன் மூன்று படி சொல்கிறார். காங்கிரஸ் துணை நின்றால் அதிபரின் அதிகாரம் உச்சம், மௌனமாக இருந்தால் மங்கல், எதிர்த்தால் அடிமட்டம். பலகையில் மூன்று கட்டம் போட்டு ஒவ்வோர் ஆணையையும் எதில் வைப்பது என்று பிள்ளைகளையே சண்டை போட விடுங்கள். 9066 உச்சக் கட்டத்தில் போய் உட்காரும்போது வகுப்பு அமைதியாகிவிடும். கூடவே ஒரு பேனா கொண்டு போங்கள். வீட்டு வசதியில் பாகுபாட்டை ஒரு கையெழுத்தில் ஒழிக்கலாம் என்று 1960 தேர்தலில் பேசிய கென்னடி ஆண்டுக்கணக்கில் தாமதிக்க, ஜனங்கள் வெள்ளை மாளிகைக்குப் பேனாக்களைத் தபாலில் அனுப்பினார்கள். கையெழுத்து வந்தது 1962 நவம்பரில். அப்புறம், கடைசித் தேர்வில் தேதிகளைக் கேட்காதீர்கள். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பழைய சாக்பீஸ்

கேட்டது அனுபவம், பாடத்திட்டம் அல்ல. 10730 உங்கள் எந்தக் கட்டத்தில் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

நூலகத்து மூலை

முதல் கட்டம். கலகத்தை அடக்கப் படையை அழைக்கும் அதிகாரத்தைப் பழைய சட்டங்களில் காங்கிரஸே கொடுத்திருக்கிறது, ஆணையிலேயே அவற்றைச் சுட்டியிருக்கிறார்கள்.

கரும்பலகை

கட்டம் கிடக்கட்டும். அந்தப் பையன் மறுநாள் வகுப்பு தொடங்கும் முன்பே வந்து படத்தை மறுபடி போடச் சொன்னான். சிப்பாய்களில் ஒருவன் முகத்தில் விரல் வைத்து, "இவனுக்கு என் அண்ணன் வயதுதான் இருக்கும்" என்றான். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டான்.