தெருவில் கிடப்பவர்கள்: மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு

கடைசிரயில்:
நைட் ஷிஃப்ட் முடிஞ்சு ஸ்டேஷன் படியேறி வந்தேன். அங்கே ஒருத்தர், போதை ஏறினவங்க நிக்கிற அந்த வளைஞ்ச நிலையில. உங்க எல்லாருக்கும் தெரியும். இடுப்போட மடிஞ்சு, தலை முழங்காலைத் தொட, ஆனா கீழே விழாம. ஷூ லேஸ் கட்டுறார்னுதான் முதல்ல நினைச்சேன். கிட்டப் போனா காலில் செருப்பே இல்லை. ஒதுங்கி நடந்தேன். பின்னாடியிருந்து, "சார், மணி என்ன?" குரல் அவ்வளவு தெளிவு. சொன்னேன். நிமிர்ந்து சட்டையோட மேல் பட்டனைப் போட்டுக்கிட்டார், இன்டர்வியூவுக்கு நேரமான மாதிரி. மூணு வாரமாச்சு. இன்னும் அந்தப் பட்டன்தான் கண்ணுக்குள்ள நிக்குது.

மூணாம்மாடி:
திட்டினாலும் பரவாயில்ல, எனக்கு இரக்கமெல்லாம் வற்றிப்போச்சு. என் பொண்ணு பார்க்குல ஆரஞ்சு கலர் மூடி ஒண்ணு பொறுக்கிட்டு வந்து பொம்மைக்குத் தொப்பியா மாட்டியிருந்தா. கச்சிதமா பொருந்தியிருந்துச்சு வேற. ஊசி மூடின்னு புரிஞ்சதும் அவ கையை நாலு தடவை கழுவிவிட்டேன். தொப்பியைப் பிடுங்கிட்டேன்னு ராத்திரி பூரா அழுகை. பட்டனுக்கு உருகுறவங்க எங்க தெருவுல ஒரு மாசம் குடியிருந்து பாருங்க.

நர்ஸக்கா:
மூணாம்மாடி, வெறும் மூடின்னா கை கழுவினதே போதும். ஊசியே குத்தினாலும் சோப்பு போட்டுக் கழுவிட்டு அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. தெருவில் கிடந்த ஊசியால எச்ஐவி வர்றது மிக மிக அபூர்வம். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கு.

என் கதை சின்னது. பஸ் ஸ்டாப் பெஞ்சில் ஒரு அம்மா, பெரிய குறட்டை. எல்லாரும் முகம் சுளிச்சுத் தள்ளி உட்கார்ந்தோம், நானும்தான். உதடு நீலமானதைப் பார்த்த பிறகுதான் அது மூச்சு அடைக்கிற சத்தம்னு உறைச்சது. பத்து வருஷம் வார்டுல வேலை பார்த்தவ!

கேக்காமலே சொல்றேன். முதல்ல சத்தமா கூப்பிடுங்க. அசையலையா, நெஞ்செலும்பு மேல விரல் முட்டியால அழுத்தித் தேயுங்க. அப்பவும் இல்லைன்னா ஆம்புலன்ஸ். ஓபியாய்டுன்னா, அதாவது ஹெராயின் வகைப் போதைன்னா, கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். அந்த வகைப் போதையை முறிக்கிற நலாக்சோன் ஸ்பிரே இருந்தா ஒரு மூக்குல அடிங்க. 2-3 நிமிஷத்துல மூச்சு திரும்பலைன்னா அடுத்ததை மறு மூக்குல. எழுந்து உட்கார்ந்துட்டார்னு கிளம்பிடாதீங்க. ஸ்பிரே வேலை செய்யறது 30 முதல் 90 நிமிஷம்தான், உள்ளே போன போதை அதுக்கு மேலயும் நின்னா மூச்சு மறுபடி அமுங்கும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. தண்ணி ஊத்துறது, கன்னத்துல அறையறது வேண்டாம். ஃபென்டனில்னு அதே வகையில ஒண்ணு இருக்கு, ஹெராயினைவிட சுமார் 50 மடங்கு வீரியம், அங்கே கண்ணால பார்த்து அளவு போடுறதெல்லாம் செல்லாது.

நடைபாதை7:
அக்கா, நல்லதுதான் சொல்றீங்க. ஆனா ஒரே ராத்திரியில நாலு பேர் என்னை உலுக்கி எழுப்பியிருக்காங்க. நான் சும்மா தூங்கிட்டிருந்தேன். ஆமா, ஏழு மாசம் அங்கதான் கிடந்தேன். அசந்தா பை போயிடும். பையில ஐடி கார்டு. அது போனா வேலையும் இல்ல, ரூமும் இல்ல. முழிச்சிருக்கத்தான் மெத், அதான் தூக்கத்தை விரட்டுற போதைப்பொருள், இழுக்க ஆரம்பிச்சேன். மூணாம்மாடி, எனக்குத் தெரு முதல்ல, போதை அப்புறம்.

கூட இருந்த பையன் ஜெயில்லேருந்து வந்த மறுநாள் பழைய அளவையே போட்டான். உடம்பு அதைத் தாங்குற பழக்கத்தை விட்டுடுச்சு. காலையில எழுப்பினேன், எழுந்திரிக்கல.

ஆனா எனக்கு நினைவுல நிக்கிறது வேற. விடியக்காலையில யாரோ சூட்கேஸ் உருட்டிட்டு வந்தார். என்கிட்ட வந்ததும் சக்கரச் சத்தம் நின்னுச்சு. நான் கண்ணைத் திறக்கல. பெட்டியைக் கையில தூக்கிட்டு என்னைத் தாண்டிப் போய், நாலடி தள்ளி வச்சு மறுபடி உருட்டினார்.

மூணாம்மாடி:
அப்ப எழுப்பணுமா, வேண்டாமா?

நர்ஸக்கா:
ஒரு நிமிஷம் நின்னு மூச்சை எண்ணுங்க. 12-க்குக் கீழேன்னா எழுப்புங்க. திட்டினா வாங்கிக்கோங்க.

கடைசிரயில்:
நேத்து அதே படி, வேற ஒருத்தர். நின்னு எண்ணினேன். 14.