உடையார்குடிக் கல்வெட்டும் ‘பொன்னியின் செல்வ’னும்: வாசகர்களின் அன்பு வரலாற்றை மறைக்கிறதா?

கும்பகோணத்து வாசகி:
கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை இந்த ஆடி மாதத்தில் நான்காவது முறையாகப் படித்து முடித்தேன். முதல் மூன்று முறையும் வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னாலேயே ஓடிய எனக்கு, இந்த முறை மனத்தில் தங்கியவர் உத்தமசோழர். கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரியணைக்கு ஆசைப்பட்டுப் பழுவேட்டரையர்களோடு சேர்ந்துகொள்ளும் மதுராந்தகன், செம்பியன் மாதேவியின் வயிற்றில் பிறந்த பிள்ளையே அல்லன். பூத்தொடுத்துத் தேவாரம் பாடித் திரிந்த சேந்தன் அமுதனே உண்மையான பிள்ளை என்பது கடைசியில் வெளிப்படுகிறது. தனக்கென்று ஏற்பாடாகியிருந்த மகுடத்தை, பின்னாளில் இராசராசனான அருள்மொழிவர்மன் அவன் தலையில் சூட்டுகிறான். அவனே உத்தமசோழர் ஆகிறான். அருள்மொழி அரசை விட்டுக்கொடுத்த செய்தியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு தருகிறது. அந்த ஒற்றைச் செய்திக்கு இத்தனை உயிரோட்டமான ஒரு காரணத்தைக் கற்பனை செய்த மனத்தை எண்ணி நான் வியக்கிறேன். இந்த நாவலை ஏன் விரும்புகிறீர்கள் என்று கேட்டால், இனி இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

கல்வெட்டு மாணவன்:
அம்மா, நீங்கள் பாராட்டிய அதே இடத்தில்தான் எனக்கு இந்த நாவலோடு தீராத பிணக்கு இருக்கிறது. திருவாலங்காட்டுச் செப்பேடு அருள்மொழி விட்டுக்கொடுத்ததை மட்டும் சொல்லவில்லை. அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலன் இறந்தபின் குடிமக்கள் வேண்டியும், தன் சிற்றப்பனுக்கு நாட்டின்மேல் விருப்பம் இருக்கும்வரை தான் அரசை மனத்தாலும் விரும்பேன் என்று அருள்மொழி மறுத்ததாகச் சொல்கிறது. அரசை விரும்பிய சிற்றப்பன் உத்தமசோழன்தான். செப்பேடு அவனை இரண்டு ஆளாகப் பிரிக்கவில்லை. ஆசை கொண்டவன் ஒருவன், அரியணை ஏறியவன் வேறொருவன் என்று பிரித்தவர் கல்கி. வரலாற்றின் மிகக் கடினமான ஒரு கேள்வியை இப்படி ஆள்மாறாட்டத்தால் தாண்டிப் போய்விட்டார் என்பதே என் குற்றச்சாட்டு. செம்பியன் மாதேவி என்ற ஊரின் கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகள் உத்தமசோழனின் தேவியர் பலரைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. அங்கே, நாவலில் சேந்தன் அமுதனை மணக்கும் பூங்குழலியைத் தேடிப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டு இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏறத்தாழ 987. ‘பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனை’க் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், பஞ்சவன் பிரமாதிராயனான ரவிதாசன், இருமுடிச்சோழப் பிரமாதிராயனான பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது, அவர்கள் உறவினரின் உடைமைகளும் பறிக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. கொன்றவர் யார் என்பதில் அந்தக் கல்லுக்குச் சிறிதும் ஐயமில்லை. ஏன் கொன்றார்கள் என்பதைத்தான் அது சொல்லவில்லை. கல்கி இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டார். பாண்டியனுக்காகப் பழிவாங்கினார்கள் என்று, கல் சொல்லாத காரணத்தை உறுதியாகச் சொல்லிவிட்டு, கல் சொன்ன கொலையாளியை இருட்டில் மறைத்தார். கடம்பூர் மாளிகையில் கரிகாலன் விழுந்து கிடக்கிறான். பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. பெரிய பழுவேட்டரையர் தாமே காரணம் என்கிறார். ஐந்து பாகங்களைப் படித்து முடித்தவர்களும் இன்றுவரை ‘கரிகாலனைக் கொன்றது யார்?’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டிய விடை இது. ரவிதாசனின் பெயரைக் கல்வெட்டிலிருந்து எடுத்துக்கொண்டவர், அதே கல்வெட்டு அவன்மேல் சுமத்திய கொலையை ஏன் மங்கலாக்க வேண்டும்?

பழைய சந்தாதாரர்:
மாணவர் ஒரு செய்தியைக் கணக்கில் எடுக்கவில்லை. கரிகாலன் கொலையுண்டது ஏறத்தாழ 970ஆம் ஆண்டை ஒட்டி. நீங்கள் காட்டும் கல் அதற்குப் பதினாறு, பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு, இடையில் உத்தமசோழன் ஆண்டு முடித்த பின் வெட்டப்பட்டது. நாவல் நடக்கும் நாளில் அந்தக் கல்லில் ஓர் எழுத்துக்கூட இல்லை. இளவரசன் ஒருவன் பூட்டிய மாளிகைக்குள் இறந்துபோனால், மறுநாள் காலையில் தஞ்சைக்கும் பழையாறைக்கும் போய்ச் சேரும் செய்தி எப்படி இருந்திருக்கும்? ஆளுக்கொரு பெயரைச் சொல்லியிருப்பார்கள்; உண்மையை அறிந்தவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். அந்தக் குழப்பத்துக்குள்தான் கல்கி நம்மை நிறுத்துகிறார். தீர்ப்பு வந்தபின் எழுதுவது வரலாற்றாசிரியரின் வேலை. தீர்ப்பு வராத இரவை எழுதுவது நாவலாசிரியரின் வேலை.

கல் காரணத்தைச் சொல்லவில்லை என்றீர்கள். கொலையுண்டவனை அது எப்படிக் குறிப்பிடுகிறது என்று பாருங்கள். ‘பாண்டியனைத் தலைகொண்ட’ என்ற அடைமொழியோடுதானே? அதற்குள்ளிருந்து கல்கி தம் கதையின் விதையை எடுத்திருக்கிறார் என்றே நான் நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் இந்த நாவல் கடையில் வாங்கிய நூலாக இருந்ததில்லை. என் தாயார் இதழிலிருந்து வாராவாரம் தாள்களைப் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் சணல் கோத்துத் தைத்து, பழைய நாட்காட்டி அட்டையை மேலே ஒட்டி வைத்திருந்தார். மணியம் வரைந்த நந்தினியின் படம் வரும் பக்கத்தில் மட்டும் தையல் படத்தின்மேல் விழாதபடி ஓரத்தில் ஒரு துண்டுத்தாள் சேர்த்து ஒட்டியிருப்பார். பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர் அவர். கண்டராதித்தர், அரிஞ்சயர், சுந்தர சோழர் என்று சோழர் வரிசையைப் பிசகாமல் சொல்ல அவருக்குக் கற்றுக்கொடுத்தது அந்தத் தையல் போட்ட கட்டுதான். பொய் வரலாற்றைக் கற்றார் என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வராது.

மதுரைக்காரன்:
பாண்டிய நாட்டிலிருந்து ஒரு சொல். வீரபாண்டியன் இந்த நாவலில் அடிபட்டுக் கிடக்கும் ஒரு மனிதனாகவும், அவனுடைய ஆட்கள் நள்ளிரவில் காட்டில் கூடிச் சபதம் செய்பவர்களாகவும் மட்டுமே வருகிறார்கள் என்ற மனக்குறை எனக்கு உண்டு. ஆயினும், காயம்பட்டவனைக் கொல்லாதே என்று நந்தினி கெஞ்சுவதும், கேளாமல் வெட்டிய கரிகாலன் அந்த நினைவிலேயே வெந்து சாவதும் சோழர் பெருமை பேசும் ஒரு கதையில் எளிதாக இடம்பெறக் கூடியவை அல்ல. தலைகொண்ட வெற்றியைச் சோழர்கள் பட்டமாகப் பூண்டார்கள். கல்கி அதைப் பாவமாக எழுதினார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

கல்வெட்டு மாணவன்:
பழைய சந்தாதாரர் ஐயாவின் தாயாரைப் பற்றிப் படித்தபோது என் கோபம் பாதி தணிந்துவிட்டது. ஆனால் வாதம் தணியவில்லை. கல் பிறகு வந்தது என்பது சரியான கருத்து. அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘இருமுடிச்சோழப் பிரமாதிராயன்’ என்பது சோழர் பட்டம். சோழ அரசில் உயர்ந்த நிலையில் இருந்தவர்களுக்கே அத்தகைய பட்டம் கிடைக்கும். அப்படியென்றால், கொலை வெளியிலிருந்து வந்த பகைவர்களின் செயலா, அரண்மனைக்கு உள்ளேயே விளைந்ததா என்ற கேள்வி எழுகிறது. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தமசோழன்மீதே ஐயம் கொண்டார். கல்கியோ கொலைகாரர்களைப் பாண்டியனின் ஆபத்துதவிகளாக, அதாவது உயிரைக் கொடுத்தும் அரசனைக் காக்கச் சபதம் செய்த மெய்க்காவலர்களாக, ஆக்கினார். உத்தமனை உத்தமனாகவே காப்பாற்றினார். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும்போது, அரச குடும்பத்தின் மேல் கறை படாமல் காக்கும் முயற்சியாகவே எனக்குத் தோன்றுகிறது.

கும்பகோணத்து வாசகி:
அந்த ஐயத்தை எல்லோரும் ஏற்கவில்லையே, தம்பி. சதாசிவ பண்டாரத்தார் உத்தமசோழனுக்கு இந்தக் கொலையில் தொடர்பில்லை என்றுதான் வாதிட்டார். எளிய கேள்வி ஒன்றை நானும் கேட்கிறேன். உத்தமசோழனின் இயற்பெயர் மதுராந்தகன். இராசராசன் தன் மகனுக்கு, பின்னாளில் இராசேந்திரனாகப் பெயர்பெற்றவனுக்கு, இட்ட பெயரும் மதுராந்தகன். உத்தமசோழனின் மகன் கண்டராதித்தனுக்குக் கோயில் நிர்வாகத்தைக் கண்காணிக்கும் பொறுப்பையும் இராசராசனே தந்தான். தன் அண்ணனைக் கொல்லத் துணைபோனவன் என்று நம்பியிருந்தால், அந்த வீட்டுப் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டிருப்பானா? கறையைத் துடைத்தார் என்கிறீர்கள். கறை இருந்ததா என்பதே இன்னும் முடியாத வழக்கு.

உங்கள் பதிவைப் படித்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை உடையார்குடிக்குப் போய்வந்தேன். கோயில் குருக்கள் சுவரைக் காட்டினார். எண்ணெய்க் கறையும் தூசியும் படிந்த வரிகளில் எனக்குப் படிக்கத் தெரிந்தது மிகக் குறைவு. ஆனாலும் அந்த நீண்ட வரிகளின் எதிரில் நின்றபோது வயிற்றில் ஒரு குளிர்ச்சி பரவியது. வெளியே வந்தபின்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த ஆணை வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு எழுதப்பட்டது. நாவலின் முதல் அத்தியாயத்தில் ஆடிப் பெருக்கன்று எழுபத்து நான்கு கணவாய்களிலும் நீர் பாயும் வீரநாராயண ஏரிக்கரையில்தானே வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான்? கொலையாளிகளின் பெயரைச் சொல்லும் கல் இருக்கிற ஊரின் ஏரிக்கரையிலிருந்து கல்கி கதையைத் தொடங்கியிருக்கிறார். இதைத் தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை. கல்லை மறைக்க நினைத்தவர் அந்த வாசலில் வந்தா கோலம் போடுவார்?

கல்வெட்டு மாணவன்:
ஏரியும் கல்லும் ஓரூரைச் சேர்ந்தவை என்பதை அறிந்திருந்தும் நான் இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை. இதற்கு என்னிடம் இப்போது மறுமொழி இல்லை. கொலையாளி பற்றிய என் குறை அப்படியேதான் இருக்கிறது. ஒரு வேண்டுகோள் மட்டும் வைக்கிறேன். இந்த நாவலை அச்சிடுகிறவர்கள் எத்தனையோ பேர். யாராவது ஒருவர் உடையார்குடிக் கல்வெட்டின் மூலவாசகத்தையும் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் அந்தப் பகுதியையும் நூலோடு சேர்த்து அச்சிட வேண்டும்.

பழைய சந்தாதாரர்:
முழு மனத்தோடு வழிமொழிகிறேன். ஆனால் முன்பக்கத்தில் வேண்டாம், ஐயா. ஐந்தாம் பாகத்தின் முடிவுரைக்குப் பின்னால் இருக்கட்டும். முதல்முறை படிக்கிற பிள்ளை கடம்பூர் மாளிகைக்குள் நுழையும்போது, என் தாயாரைப் போலவே, உள்ளே என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் நுழைய வேண்டும்.