சென்னையில் மர நிழலில் கொஞ்ச நேரம் உட்கார எங்கே போகலாம்?

காவிரிக்கரை:

வணக்கம். கும்பகோணத்திலிருந்து மேற்கு மாம்பலத்துக்குக் குடி வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. இரண்டாவது மாடி வீடு, ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர். அம்மா கூட இருக்கிறார். முழங்கால் வலி உண்டு, ஆனாலும் காலையில் கொஞ்சமாவது நடந்தால்தான் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும், ஊரில் ஆற்றங்கரையில் நடந்து பழகியவர். பையனுக்கு ஆறு வயது, எதைப் பார்த்தாலும் இது என்ன மரம், அது என்ன பறவை என்று கேட்கிற வயது.

எங்கள் பக்கத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. சுற்றிலும் சிமென்ட் நடைபாதை, உடற்பயிற்சிக் கருவிகள், நடுவில் புல்தரை, அதில் கால் வைக்கக்கூடாது என்று பலகை. காலை வெயில் ஏறுவதற்குள் பூட்டிவிட்டு சாயங்காலம்தான் திறக்கிறார்கள். மதியம் வீட்டில் கரண்ட் போனால் போய் உட்கார நிழல் இல்லை. ஊரே வெயிலில் காயும் நேரத்தில் நிழல் இருக்கிற ஒரே இடத்தைப் பூட்டி வைப்பது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பெரிய மரங்கள், பெஞ்ச், கழிப்பறை, இந்த மூன்றும் இருந்தால் போதும். கார் கிடையாது, பஸ், மெட்ரோ, மின்சார ரயில்தான். டிக்கெட் இருந்தாலும் பரவாயில்லை. எங்கெல்லாம் போகலாம் என்று சொல்லுங்கள்.

லஸ் கார்னர்:

அம்மாவோடு என்றால் நான் முதலில் சொல்வது மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா. லஸ் சர்ச் ரோட்டிலேயே இருக்கிறது, தி. நகரிலிருந்து லஸ் வழியாகப் போகும் எந்த பஸ்ஸில் ஏறினாலும் இறங்கி நடந்து போய்விடலாம். பெரிய பூங்கா இல்லை, ஆனால் மரங்கள் பழைய மரங்கள், காலை எட்டு மணிக்குக்கூட நடைபாதையில் வெயில் முழுசாக விழாது. அமிர்தாஞ்சன் ஆரம்பித்தாரே காசிநாதுனி நாகேஸ்வர ராவ், அவர் பெயர்தான். அந்தக் கம்பெனியும் பல வருஷம் பக்கத்தில்தான் இருந்தது.

அந்தப் பூங்காவில் எனக்குப் பிடித்தது அங்கே வருகிற கூட்டம். ஒரு பக்கம் செஸ் ஆடுவார்கள், ஒரு பக்கம் பேப்பர் படிப்பார்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு காலை சின்னப் பிள்ளைகள் மைக் இல்லாமல் கச்சேரி பண்ணுவார்கள். உங்கள் அம்மாவுக்குப் பேச்சுத் துணை நாலே நாளில் கிடைத்துவிடும், புது ஊரில் அது மரத்தை விட முக்கியம் என்று நினைக்கிறேன். ஆறு மணி வாக்கில் போங்கள். ஏழு மணிக்கு மேல் வேகமாக நடப்பவர்கள் பின்னாலிருந்து இடித்துக்கொண்டு போவார்கள், முழங்கால் வலியோடு அது சிரமம்.

வேரும் விழுதும்:

மரம் பார்க்கிற பையன் என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அடையாறு பிரம்மஞான சபைக்கு (தியோசாபிகல் சொசைட்டி) ஒரு முறையாவது கூட்டிப் போங்கள். அது பூங்கா இல்லை, சபையின் சொந்த வளாகம், 1882 முதல் அங்கே இருக்கிறார்கள். காலையில் கொஞ்ச நேரமும் மதியம் கொஞ்ச நேரமும்தான் வெளியாட்களை விடுவார்கள், ஞாயிறு கிடையாது, தின்பண்டம் கொண்டு போகக்கூடாது. அங்கேதான் பெரிய ஆலமரம். வயது 450 வருஷத்துக்குப் பக்கம் என்று சொல்கிறார்கள். 1989 புயலில் தாய்மரம் சாய்ந்துவிட்டது. ஆனால் விழுதுகள் எல்லாம் தனித்தனி மரம் போல நின்றுகொண்டே இருக்கின்றன. தாய்மரம் இருந்த இடம் எது என்று பையனைத் தேடச் சொல்லுங்கள், நல்ல வேலையாக இருக்கும். வளாகம் பெரிசு, வாசலிலிருந்து ஆலமரம் வரை நடை அதிகம், அம்மாவுக்கு இடையில் ஓய்வு வேண்டியிருக்கும்.

அடுத்தது கோட்டூர்புரம் மரப்பூங்கா. பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே. குப்பை கொட்டிக் கிடந்த இடம் அது. 2006 வாக்கில் 'நிழல்' என்ற மரம் காக்கும் அமைப்பினர் அக்கம்பக்கத்து மக்களைச் சேர்த்துக்கொண்டு நட ஆரம்பித்தார்கள், இன்றைக்கு உள்ளே போனால் சின்னக் காடு மாதிரி இருக்கிறது. நட்டது பெரும்பாலும் நம் மண்ணின் மரங்கள். ஊஞ்சல், சறுக்கு மரம் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். மண் பாதை, காய்ந்த இலை, பட்டாம்பூச்சி, இதுதான் அங்கே. கொசுவும் உண்டு, முழுக்கைச் சட்டை போட்டுப் போங்கள்.

நம் மண்ணின் மரம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன. சீக்கிரம் வளரும், பூ அழகாக இருக்கும் என்று வெளியிலிருந்து கொண்டு வந்து வைத்த மரங்கள்தான் அதிகம் போயின, பல தெருக்களில் குல்மோகர் வேரோடு சாய்ந்து கிடந்தது. வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம் ஓரளவு தாக்குப்பிடித்தன. அதற்கு அப்புறமும் புதுப் பூங்கா கட்டும்போது அலங்காரச் செடிகளுக்கும் கொரியப் புல்லுக்கும்தான் செலவு செய்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஒரு மகிழ மரம் நிழல் கொடுக்கிற அளவுக்கு வளர வருஷக்கணக்கில் ஆகும், அதற்குக் காத்திருக்கிற பொறுமை யாருக்கும் இல்லை.

ஏப்ரல், மே மாதத்தில் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும்போது பையனை எந்தப் பூங்காவுக்குக் கூட்டிப் போனாலும் சரிதான். நாகலிங்கப் பூ கிடைத்தால் ஒன்றைக் கையில் கொடுத்து முகரச் சொல்லுங்கள்.

கோபுரத்தடி அம்மா:

எனக்கும் அதே வயதில் பெண் இருக்கிறாள், அதனால் சில நடைமுறை விஷயம் மட்டும் சொல்கிறேன்.

அண்ணா நகர் டவர் பார்க்குக்கு மெட்ரோவிலேயே போகலாம், ஸ்டேஷன் பெயரே அண்ணா நகர் டவர்தான். 1968 பொருட்காட்சிக்காகக் கட்டின கோபுரம், 135 அடி. பல வருஷம் மேலே ஏற விடாமல் மூடி வைத்திருந்தார்கள், 2023ல் திறந்துவிட்டார்கள். சுற்றிச் சுற்றி மேலே ஏறும் சாய்தளம், பிள்ளைகள் ஓடியே ஏறிவிடும், அம்மா கீழே பெஞ்சில் இருக்கட்டும். மரமும் இருக்கிறது, குளமும் இருக்கிறது, ஞாயிறு மாலை மட்டும் போகாதீர்கள், கால் வைக்க இடம் இருக்காது.

கிண்டி சிறுவர் பூங்கா செவ்வாய்க்கிழமை விடுமுறை. இது தெரியாமல் வாசல் வரை வந்து அழுத பிள்ளையோடு திரும்பிப் போகும் குடும்பங்களை அங்கே பார்க்கலாம். 2024ல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே பாம்புப் பண்ணை, காந்தி மண்டபம். காந்தி மண்டப வளாகத்தில் டிக்கெட் இல்லாமல் மர நிழலில் உட்காரலாம், அதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்.

கழிப்பறை கேட்டீர்கள். டிக்கெட் வாங்கும் இடங்களில் ஓரளவு நன்றாக இருக்கும், சின்னப் பூங்காக்களில் இருந்தாலும் பூட்டித்தான் இருக்கும். வயதானவர்களைக் கூட்டிப் போகும்போது இதை முதலில் விசாரித்துவிடுங்கள். நடைபாதைக்கு டைல்ஸ் போடுகிறவர்கள் பெண்களுக்கு ஒரு கழிப்பறையைத் திறந்து வைத்தால் எத்தனை பேர் இன்னும் அரை மணி நேரம் கூட உட்காருவார்கள்!

பழைய மெட்ராஸ்:

செம்மொழிப் பூங்காவை யாரும் சொல்லவில்லையே. அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில், பழைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் இருந்த இடம், 2010ல் திறந்தது, சுமார் 20 ஏக்கர். எதிரிலேயே 2024ல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் வந்துவிட்டது, அதில் ஜிப்லைன் எல்லாம் இருக்கிறது. பையனுக்குப் பிடிக்கும், ஆனால் நிழலில் சும்மா உட்காரப் போகிறவர்களுக்கு முதலில் சொன்னதுதான் சரி. அங்கே நன்கு வளர்ந்த பழைய மரங்கள் இருக்கின்றன, ஹோட்டல் காலத்து மரங்கள் என்றே நினைக்கிறேன்.

நீங்கள் இருக்கிற இடத்துக்கு மிகவும் பக்கம் தி. நகர் நடேசன் பூங்காவும் பனகல் பூங்காவும். தியாகராயர், நடேசனார், பனகல் அரசர் மூன்று பேரும் நீதிக்கட்சித் தலைவர்கள். ஊருக்கு ஒருவர் பெயர், பூங்காவுக்கு ஒருவர் பெயர் என்று 1920களில் அந்தப் பகுதியை உருவாக்கும்போதே பூங்காவுக்கு இடம் விட்டுத்தான் தெருக்களைப் போட்டிருக்கிறார்கள். பனகலில் மெட்ரோ வேலைக்காக ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார்கள், அதனால் நடேசனுக்கே போங்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்ட்ரல் பக்கத்தில் 1859ல் கவர்னர் டிரெவெல்யன் காலத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒன்று தொடங்கினார்கள், சுமார் 116 ஏக்கர். குளங்கள், மிருகக்காட்சிசாலை, பேண்டு வாசிக்கும் மேடை எல்லாம் இருந்த இடம். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு ஸ்டேடியம். மிருகக்காட்சிசாலை 1985ல் வண்டலூருக்குப் போனது, அதே வருஷம் மூர் மார்க்கெட் எரிந்து அந்த இடத்தில் ரயில் நிலையக் கட்டடம் வந்தது. வந்த ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையானதுதான். ஆனால் 116 ஏக்கரில் இன்று பூங்கா என்று சொல்ல மிஞ்சியது மை லேடீஸ் பூங்கா மாதிரி துண்டு துக்காணிதான். கிண்டியிலும் கவர்னர் தோட்டமாக இருந்த காட்டிலிருந்து ஐ.ஐ.டி., நினைவு மண்டபங்கள் என்று பிரித்துக் கொடுத்தது போகத்தான் 1978ல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது, மீதி 2.7 சதுர கிலோமீட்டர். அந்த அறிவிப்பு வராமல் இருந்திருந்தால் வெளிமான்கள் இந்நேரம் படத்தில்தான் இருக்கும். பூங்காவில் ஒரு மூலையை எடுக்கிறோம் என்று யார் சொன்னாலும் எனக்கு பீப்பிள்ஸ் பார்க்தான் ஞாபகம் வரும்.

லஸ் கார்னர்:

ஐயா சொல்வது உண்மைதான். மதியம் பூட்டுவது பற்றிக் காவிரிக்கரை கேட்டிருந்தார், அதற்கும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துச் சின்னப் பூங்கா ஒன்றில் காவலாளியிடம் பேசிப் பார்த்தேன். ஒரே ஆள்தான், தண்ணீர் விடுவதும் கூட்டுவதும் அந்த நேரத்தில்தான், திறந்து வைத்தால் குடிக்க வருகிறார்கள் என்றார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் இன்னொரு ஆளைப் போட்டால் தீர்கிற விஷயம் அது. டெலிவரி வேலை பார்க்கும் பையன்கள் மதியம் மேம்பாலத்துக்கு அடியில் வண்டியில் சாய்ந்துகொண்டு தூங்குகிறார்கள், பக்கத்திலேயே பூட்டின கேட்டுக்கு உள்ளே பெஞ்ச் காலியாகக் கிடக்கிறது.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நாளைக்குக் காலையில் அம்மாவை நடேசன் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறேன், பழகிவிட்டால் நாகேஸ்வர ராவ். பையனிடம் ஆலமரத்தைச் சொன்னதும் இப்போதே கிளம்பலாம் என்கிறான். சனிக்கிழமை அடையாறு, திரும்பும் வழியில் கோட்டூர்புரம், இரண்டும் ஒரே நாளில் முடியுமா?

வேரும் விழுதும்:

ஒரே நாளில் வேண்டாம், பையனும் களைத்துவிடுவான், அம்மாவுக்கும் ஆகாது. இந்தச் சனிக்கிழமை ஆலமரம் மட்டும், காலையில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். அரசு விடுமுறை நாளா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள், அன்றைக்கும் விட மாட்டார்கள். தண்ணீர் பாட்டிலும் அம்மாவுக்குக் குடையும் மறக்க வேண்டாம். கோட்டூர்புரத்துக்கு மழை பெய்து விட்ட மறுநாள் போனால் நல்லது.