ஏசி ஃபில்டரை நானே மாற்றினேன், வாரண்டி போச்சா?

திருச்சியிலிருந்து:

சொந்தக் காரில் கை வைக்கப் பயப்படுகிறவர்களுக்காக என் கதையை எழுதுகிறேன். நல்லதோ கெட்டதோ, உங்களுக்கு நடந்ததையும் போடுங்கள்.

என்னுடையது பெட்ரோல் ஹேட்ச்பேக். எடுத்து இரண்டு வருடம் ஆகிறது, வாரண்டி இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. இரண்டாவது ஃப்ரீ சர்வீஸ் பில்லைப் பார்த்த பிறகுதான் எனக்கு இதில் ஆர்வமே வந்தது. ஃப்ரீ என்பது லேபருக்கு மட்டும், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு என்பது தெரிந்ததுதான். ஆனால் ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன், இன்ஜெக்டர் கிளீனிங், இன்டீரியர் பாலிஷ் என்று நான் கேட்காத மூன்று வரி பில்லில் இருந்தது. மேனுவலைப் புரட்டினேன். மெயின்டனன்ஸ் அட்டவணையில் இந்த மூன்றுமே இல்லை.

அன்றிலிருந்து ஏசி ஃபில்டர், ஏர் ஃபில்டர், வைப்பர், பேட்டரி டெர்மினல் எல்லாம் வீட்டு வாசலில்தான். அட்டவணைப்படி வரும் சர்வீஸை மட்டும் கம்பெனியில் விடுகிறேன். என் காரில் ஏசி ஃபில்டருக்கு ஸ்பானர்கூட வேண்டாம். கிளவ் பாக்ஸை இரண்டு பக்கமும் அமுக்கி இறக்கினால் பின்னால் ஒரு மூடி இருக்கும். ஃபில்டரில் போட்டிருக்கும் அம்புக்குறியைப் பார்த்து மாட்ட வேண்டும். முதல் தடவை நான் தலைகீழாக மாட்டினேன், அது வேறு கதை.

போன மே மாதம், சரியான வெயிலில், ஏசி காற்றைத் தள்ளும் ப்ளோயர் மோட்டார் நின்றுவிட்டது. சர்வீஸ் அட்வைசர் மூடியைத் திறந்து பார்த்த உடனே, "ஃபில்டர் வெளிய மாத்தியிருக்கீங்க சார், வாரண்டி வராது" என்றார்.

நான் சத்தம் போடவில்லை. "சரிங்க. ஃபில்டர் மாற்றியதால் மோட்டார் எப்படிப் போனது என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, போதும்" என்றேன். மேனேஜரைக் கேட்டு வருவதாக உள்ளே போனவர் கால் மணி நேரம் கழித்து வந்து, கம்பெனிக்கு போட்டோ அனுப்புவதாகச் சொன்னார். நான்காம் நாள் மோட்டார் வாரண்டியிலேயே மாறியது.

வாயால் மறுப்பது அவர்களுக்குச் சுலபம், காரணத்தை எழுதித் தருவதுதான் கஷ்டம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தமாக 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. காரைக் கம்பெனிக்கு வெளியே சரிபார்த்தார்கள் என்பதற்காக வாரண்டியை ஒரேயடியாக ரத்து செய்யக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் சேதம் வந்திருந்தால் அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்பது அந்த உத்தரவில் இருக்கிறது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். அதனால் கவுண்டரில் போய் இதை மந்திரம் மாதிரி ஓதினால் எடுபடாது. எழுதிக் கேளுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து:

எனக்கு வாரண்டி மறுத்தார்கள். நியாயமாகத்தான் மறுத்தார்கள்.

ஃபாக் லேம்ப் போட ஆசைப்பட்டு ஹெட்லைட் ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றினேன். லேம்ப்பின் கரண்டைத் தாங்கும் தனி ஸ்விட்சான ரிலே கிடையாது, ஃபியூஸ் கிடையாது. இரண்டு மழை தாங்கியது. மூன்றாவது மழையில் ஹெட்லைட், இண்டிகேட்டர், சென்ட்ரல் லாக் எல்லாம் தன்னிஷ்டத்துக்கு ஆட ஆரம்பித்தன. லைட், லாக் எல்லாவற்றையும் இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டியான பாடி கண்ட்ரோல் மாட்யூல் காலி. டேப் சுற்றிய இடத்தை அட்வைசர் போட்டோ எடுத்துக் காட்டியபோது எனக்குப் பேச்சே வரவில்லை. சொந்தக் காசில் மாற்றினேன்.

ஆனால் ஒன்று. ஒயரிங் சம்பந்தப்பட்டதை மட்டும்தான் மறுத்தார்கள். அடுத்த வருடம் ஸ்டியரிங் ரேக்கில் சத்தம் வந்தபோது அதே வாரண்டியில் சும்மா மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது அதே லேம்ப்பை ஒரு ஒயர்கூட வெட்டாமல், செருகி மாட்டும் கப்ளர் வைத்த ஹார்னஸில் (ரெடிமேட் ஒயர்க் கட்டு) ரிலே போட்டு ஓட்டுகிறேன்.

மதுரையிலிருந்து:

நான் ஆயிலும் நானே மாற்றுகிறேன். டர்போ வண்டி, தினமும் டிராஃபிக்கில் ஊர்கிறது. மேனுவல் சொல்லும் 10,000 கிலோமீட்டர் சர்வீஸ் கம்பெனியில், நடுவில் 5,000இல் ஒரு தடவை வீட்டில். நடுவில் கூடுதலாக மாற்றினால் அட்டவணை கெடாது. வாங்கிய பில், டப்பாவின் பேட்ச் நம்பர், ஓடோமீட்டர், மூன்றையும் போட்டோ எடுத்து ஒரே ஃபோல்டரில் வைத்திருக்கிறேன்.

கடையில் "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில் போடுங்கண்ணே" என்பார்கள். கேட்காதீர்கள். மேனுவலில் 0டபிள்யூ-20 (மெல்லிய ஆயில்) என்று இருந்தால் அதே கிரேடுதான். நாளைக்கு இன்ஜினில் ஏதாவது வந்தால் அவர்கள் முதலில் பிடிப்பது அதைத்தான்.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டை பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். ஆயில் நிற்கும் அடித்தொட்டியான சம்ப் அலுமினியம், மரை போய்விட்டது. அதை வாரண்டியில் கேட்க எனக்கே வாய் வரவில்லை. இப்போது குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க டார்க் ரெஞ்ச், ஒவ்வொரு தடவையும் புது வாஷர்.

நியூ ஜெர்சியிலிருந்து:

இங்கே இதற்கு 1975இலேயே மேக்னசன்-மாஸ் என்று ஒரு சட்டம் வந்துவிட்டது. எங்கள் பிராண்டு பாகத்தைத்தான் போட வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை வைக்கக் கூடாது. அப்படி வைப்பதென்றால் பாகத்தை இலவசமாகத் தர வேண்டும், இல்லையென்றால் ஃபெடரல் டிரேட் கமிஷனிடம் தனி விலக்கு வாங்க வேண்டும். 2018இல்கூட ஆறு நிறுவனங்களுக்குக் கமிஷன் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதனால் பக்கத்து வீட்டுத் தாத்தா சனிக்கிழமை காரேஜில் ஆயில் மாற்றுவதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. ஆனாலும் டீலர் கவுண்டரில் முதல் கேள்வி "ரசீது இருக்கிறதா?" என்பதுதான். ஒரு தடவை ஆயில் ஃபில்டர் ரசீது கிடைக்காமல் பழைய மெயிலை எல்லாம் தோண்டினேன்.

திருச்சியிலிருந்து:

எழுதித் தரவும் மாட்டேன், வாரண்டியும் தர மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். நடந்ததை நீங்களே தேதியோடு கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மெயிலில் எழுதிவிடுங்கள். பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பொள்ளாச்சி நண்பரே, அந்த ஹார்னஸ் எங்கே வாங்கினீர்கள்? எனக்கும் ஹாரன் மாற்ற வேண்டும், கட்டிங் பிளேயரைத் தொட இப்போது பயமாக இருக்கிறது.